தெருமுனையின் ஞாபகம்

மாலை ஆறு மணி. முப்பது நாள் சிகிச்சை முடித்தவர் பேருந்திலிருந்து இறங்குகிறார். கையில் துணிப்பை, பைக்குள் மருந்துச் சீட்டு. இனித் தொடுவதில்லை என்று பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறார், உளமாரத்தான் செய்தார். சிகிச்சை மையத்தில் இருந்தவரை அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை. தூக்கம் வந்தது, பசி எடுத்தது, கை நடுக்கம் நின்றிருந்தது. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. நடுவில் ஒரு திருப்பம். அங்கே தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் தம்ளரும் விற்கும் பெட்டிக்கடை, ஆம்லெட் வாசம், கொஞ்சம் உள்ளே தள்ளி டாஸ்மாக் பலகை. அந்தத் திருப்பத்தில் கால் வைத்ததும் வாயில் எச்சில் ஊறுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ஒரு மாதமாக இல்லாத நடுக்கம் விரல் நுனியில் வந்து நிற்கிறது.

அன்று அவர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன பேச்சு கிளம்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாய் வாலை நிமிர்த்த முடியுமா, மனசுல உறுதி இருந்தாத்தானே, கொட்டின காசெல்லாம் தண்டம். பல வருஷம் பட்ட வேதனையிலிருந்து வரும் பேச்சு அது. சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அறிவியல் கேட்கும் கேள்வி வேறு. மன உறுதிதான் விஷயம் என்றால், அது முப்பது நாள் கூடவே இருந்துவிட்டு, சரியாக அந்தத் தெருமுனையில் மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

இந்தப் புதிரைக் கூர்ந்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர் ஆபிரகாம் விக்லர் என்ற மனநல மருத்துவர். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில் 1935இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவமனையில் அவர் 1940களில் வேலை பார்த்தார். மார்பின், ஹெராயின் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கான இடம் அது. பாதி மருத்துவமனை, பாதி சிறை, நோயாளிகளே உழைக்கும் பண்ணை. பல மாதங்களாகப் போதையின் வாடையே படாதவர்களை அங்கே வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். பேச்சு பழைய நாட்களின் போதைப் பக்கம் திரும்பியதும் ஒருவருக்குக் கொட்டாவி வரும். இன்னொருவர் மூக்கை உறிஞ்சுவார். வேறொருவர் கண்ணில் நீர் கட்டும். ஹெராயின் கிடைக்காத முதல் சில நாட்களில் உடம்பு படும் பாடு அப்படியே இது. மருத்துவம் இவற்றை ‘விலகல் அறிகுறிகள்’ என்கிறது. உடம்பில் ஒரு துளிகூட மருந்து மிச்சமில்லாதபோது, வெறும் பேச்சுக்கு ஏன் அவை வர வேண்டும்?

உடம்பு இதைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்றார் விக்லர். மணி அடித்தால் சோறு வரும் என்று பழகி, மணி ஓசைக்கே எச்சில் ஒழுகிய பாவ்லோவின் நாயைப் போல. நாய்வரை போவானேன்? பச்சைப் புளியங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடிப்பதாக நினைத்தாலே வாய் ஊறுகிறதே, யார் உறுதி எடுத்து அதைத் தடுக்க முடிகிறது? வண்டிக்காரர் தூங்கிப்போனாலும் மாடு வழக்கமான திருப்பத்தில் தானாகத் திரும்பும். அந்த மாட்டுக்கு நம் சத்தியம் தெரியாது.

ஆனால் ஒரு முரண் இருக்கிறது. ஹெராயின் மூக்கை வறள வைக்கும். அதை நினைத்தால் மூக்கு ஒழுகுகிறது. மது நரம்பைத் தளர்த்தி அமைதிப்படுத்தும். கடையைக் கண்டால் நரம்பு முறுக்கேறிக் கை நடுங்குகிறது. கற்றுக்கொண்ட உடம்பு, மருந்து செய்வதற்கு நேர் எதிரானதை அல்லவா செய்கிறது!

மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். மூளையில் அடக்கும் சமிக்ஞைகள் ஒரு தட்டு, தூண்டும் சமிக்ஞைகள் மறு தட்டு. மது அடக்கும் தட்டில் வந்து அமரும். மூளைக்குச் சமநிலை வேண்டும். அதனால் தூண்டும் தட்டில் எடைக்கல் ஏற்றும். தினமும் குடித்தால் கல்லும் கூடிக்கொண்டே போகும். முன்பு ஒரு கட்டிங்குக்கே தள்ளாடியவர் இப்போது முழு குவார்ட்டருக்கும் நிதானமாக நிற்பதன் காரணம் இதுதான். இதைத் ‘தாங்குதிறன்’ என்பார்கள். ஒருநாள் திடீரென்று குடியை நிறுத்தினால் ஒரு தட்டு காலி, மறு தட்டில் கல் அப்படியே. அந்தத் தட்டு தடாலென்று கீழே போகும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் கடுமையான நிலையும் சிலருக்கு வரும். கவனிக்காவிட்டால் உயிர் போகலாம். நெடுநாள் அதிகமாகக் குடித்தவரை ‘ரெண்டு நாள் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டினா சரியாயிடும்’ என்று நினைப்பது பேராபத்து என்பது இதனால்தான். மருத்துவமனையில் கல்லை ஒவ்வொன்றாக இறக்க மருந்து உண்டு. தயமின் என்ற உயிர்ச்சத்தும் கொடுப்பார்கள்.

கல் ஏற்றும் வேலையை மூளை பழகப் பழக, சரக்கு வரும்வரை காத்திருப்பதில்லை. தெருமுனையைப் பார்த்ததும், ஆம்லெட் வாசம் மூக்கில் பட்டதும், ‘இதோ வரப்போகிறது’ என்று முன்கூட்டியே கல்லைப் போட்டுவிடுகிறது. சரக்கு வராவிட்டால்? கல் மட்டும் தனியாக. அதுதான் அந்த விரல் நடுக்கம்.

இது வெறும் உவமை இல்லை என்பதற்குக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகலும் அவர் குழுவினரும் செய்த சோதனை சாட்சி. 1982இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. எலிகளுக்கு ஹெராயின் கொடுத்து, அளவை மெல்ல மெல்லக் கூட்டிப் பழக்கினார்கள். எப்போதும் ஒரே அறையில். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு. பழக்கமே இல்லாத எலிகளில் நூற்றுக்கு 96 இறந்தன. பழகிய எலிகளில், வழக்கமான அறையில் ஊசி போடப்பட்டவற்றில் நூற்றுக்கு 32 இறந்தன. அதே அளவு பழகிய எலிகளை வேறோர் அறைக்குக் கொண்டுபோய் அதே ஊசியைப் போட்டபோது இறந்தவை நூற்றுக்கு 64. மருந்து அதே, உடம்பும் அதே, மாறியது அறை. பழைய அறை எடைக்கல்லைப் போடச் சொல்லிக்கொடுத்திருந்தது. புது அறையில் அந்தக் குறிப்பு இல்லை. சில வாரம் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுக்கும்போது உயிரிழக்கும் அபாயம் கூடுவதற்கும் தாங்குதிறன் இறங்கிவிடுவதே காரணம்.

நடுக்கத்துக்குக் காரணம் கிடைத்தது. கால் அந்தப் பக்கம் இழுப்பதற்கு? இங்கே டோபமின் வருகிறது. அது ‘இன்ப ரசாயனம்’ என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கிவிட்டது. அந்தப் பெயர் தவறான வழி காட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர் நகரில் வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் செல்களின் துடிப்பை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். முதலில் வாயில் பழச்சாறு விழும்போது செல்கள் துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்குக்கு மாறியது. சாற்றுக்குத் துடிப்பே இல்லை. விளக்கு எரிந்து சாறு வராவிட்டால், வர வேண்டிய நொடியில் செல்கள் அமைதியாகிவிட்டன. டோபமின் தரும் செய்தி ‘இது இனிக்கிறது’ என்பதல்ல; ‘நல்லது வரப்போகிறது, போ’ என்பது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். டோபமின் அநேகமாக அற்றுப்போன எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் பழையபடி நாக்கைச் சப்புக்கொட்டின. வேட்கை வேறு, விருப்பம் வேறு. ‘குடிக்கவே பிடிக்கல டாக்டர், ஆனா கால் தானாப் போகுது’ என்று குடிநோயாளிகள் சொல்வதைப் பலர் சாக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். பெரிட்ஜின் எலிகளை அறிந்த பிறகு அதை அப்படித் தள்ள முடியாது.

இந்த இழுப்பு நாளாக ஆகக் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2001இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. கொக்கெயினுக்கு நெம்புகோலை அழுத்தப் பழகிய எலிகளுக்கு மருந்தை நிறுத்திவிட்டு, பழைய விளக்கையும் ஒலியையும் மட்டும் காட்டினார்கள். நிறுத்திய மறுநாள் அழுத்தியதைவிட, ஒரு மாதம் கழித்து, இரண்டு மாதம் கழித்து எலிகள் மேலும் மூர்க்கமாக அழுத்தின. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயரின் பொருள் ‘வேட்கையின் அடைகாப்பு’. முட்டை மேல் கோழி உட்கார்ந்திருப்பது போல, வெளியே எதுவும் தெரியாது, உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். மனிதர்களிடமும் இதே போக்குக்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. வீட்டார் முதல் வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பார்கள். இரண்டாம் மாதம் ‘இனிப் பயமில்லை’ என்று தளர்வார்கள். தெருமுனை தன் வேலையைக் காட்ட ஏற்ற நேரம் அந்த இரண்டாம் மாதம்தான்.

அப்படியானால் கற்றதை மறக்க முடியாதா? மணி அடித்துச் சோறு வைக்காமலே விட்டால் பாவ்லோவின் நாய்க்கும் கொஞ்ச நாளில் எச்சில் நின்றுவிடும். ஆனால் மறப்பது போலத் தோன்றும் இது மறதி அல்ல என்று காட்டியவர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன். ஒரு கூண்டில் பழகிய எலிக்கு வேறொரு கூண்டில் அந்தப் பழக்கத்தைக் கைவிடப் பயிற்சி கொடுத்தார். கைவிட்டது. முதல் கூண்டுக்குத் திருப்பி அனுப்பியதும் பழக்கம் உயிர்பெற்று வந்தது. பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் ‘இங்கே வேண்டாம்’ என்ற புதுப் பாடம் எழுதப்படுகிறது. புதுப் பாடம் எழுதப்பட்ட இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சிகிச்சை மையத்தில் கற்ற ‘வேண்டாம்’ அந்த மையத்தின் ‘வேண்டாம்’தான். தெருமுனைக்கான ‘வேண்டாம்’ இன்னும் எழுதப்படவே இல்லை.

இதற்கு மறுபுறமாக, யாரும் திட்டமிடாத பிரமாண்டமான சோதனை ஒன்று நடந்தது. 1971இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவியிருப்பது தெரிந்து வாஷிங்டன் அதிர்ந்தது. ஊர் திரும்புமுன் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை. பிடிபட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சை. இவர்கள் அமெரிக்கத் தெருக்களில் இறங்கினால் என்னவாகும்? பின்தொடர்ந்து பார்க்கும் பொறுப்பு செயின்ட் லூயிஸ் நகரின் சமூகவியலாளர் லீ ராபின்ஸிடம் வந்தது. வெறும் கேள்வித்தாள் அனுப்பி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. சிப்பாய்களை வீடு வீடாகத் தேடி நேர்காணல் செய்து, சிறுநீரும் வாங்கிச் சோதித்தார். சுமார் ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமைப்பட்டிருந்தார். ஊர் திரும்பிப் பத்து மாதத்துக்குள் அவர்களில் மறுபடி அடிமைப்பட்டவர்கள் நூற்றுக்கு 5 பேர். மூன்று ஆண்டுகளில், சிறிது காலமாவது பழைய நிலைக்குப் போனவர்கள் 12 பேர். லெக்சிங்டனிலிருந்து வீடு போனவர்களில் பெரும்பாலோர் மறுபடி விழுந்த காலம் அது. ராபின்ஸின் முடிவைப் பலர் நம்ப மறுத்தார்கள்.

சிப்பாய்களுக்கு ஹெராயினைச் சொல்லிக்கொடுத்த சூழலும் முகங்களும் புகை வாசமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் இளைஞர்கள், போரின் அச்சமும் சலிப்பும் போயிருந்தன, வேலையும் குடும்பமும் காத்திருந்தன. ஆனாலும் லெக்சிங்டன் நோயாளி நேர்மாறான பயணம் போனார்: நல்ல இடத்தில் குணமாகி, நோய் பிடித்த தெருவுக்குத் திரும்பினார். நம் பேருந்து நிறுத்தத்துக்காரரும் அப்படித்தான்.

ஊரையே மாற்ற எல்லோராலும் முடியாது. பாடத்தை ஊரிலேயே எழுதலாமே? தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், கணவரின் பெயரிலேயே 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்திருப்பது அதைத்தான். அந்த அமைப்பு, இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டுக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்தது. அந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994இல் ‘அடிக்‌ஷன்’ என்ற பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார். நகரத்துக்கு வரப் பணமும் வசதியும் இல்லாதவர்களுக்கு அது கைகொடுத்தது என்பது வெளிப்படை. கூடவே பௌட்டனின் எலிகள் சொன்ன காரியமும் அங்கே நடந்தது: ‘வேண்டாம்’ என்ற பாடம் சொந்த ஊர் மண்ணிலேயே, சொந்தபந்தம் சுற்றியிருக்க எழுதப்பட்டது. இந்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய, 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மஞ்சக்குடிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

முகாம் வராத ஊரில் வீட்டார் என்ன செய்யலாம்? முதல் சில மாதம் அந்தத் திருப்பத்தைத் தவிர்க்கச் சுற்றுவழியில் போவது கோழைத்தனம் அல்ல. எடைக்கல்லுக்கு அழைப்பு அனுப்பாமல் இருப்பது. சம்பள நாளன்று மச்சானோ நண்பரோ கூட நடந்து வருவது அதைவிட நல்லது. தப்பித்தவறி வேட்கை எழுந்துவிட்டால், அது கடலலை போன்றது என்றார் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட். எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள். அலையோடு மல்லுக்கு நிற்காமல், ‘இதோ நெஞ்சு படபடக்கிறது, இதோ வாய் வறள்கிறது’ என்று கவனித்தபடி மிதக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த அரை மணிக்குக் கூடவே உட்கார்ந்து டீ குடிக்க ஓர் ஆள் இருந்தால் போதும், எத்தனையோ அலைகள் இறங்கிவிடும்.

மார்லட் இன்னொன்றையும் கண்டார். ஒரு தம்ளர் குடித்துவிட்டவரை முழுக் குடிக்குத் தள்ளுவதில் அந்தத் தம்ளரைவிட, ‘எல்லாம் போச்சு, நான் உருப்படவே மாட்டேன்’ என்ற நினைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் சறுக்கலையும் வீழ்ச்சியையும் தனித்தனியாகப் பார்த்தார். வீட்டில் எழும் முதல் வார்த்தை சறுக்கியவரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது முக்கியம். மனைவி, தாய், அண்ணன் என்று வீட்டாருக்குப் பயிற்சி கொடுக்கும் ‘கிராஃப்ட்’ என்ற முறையை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். சோதனையில் கலந்துகொண்டவை, சிகிச்சைக்கே வர மறுத்தவர்களின் குடும்பங்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேராகக் குற்றத்தை எடுத்துச் சொல்லும் முறையில், குடித்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். கிராஃப்ட் முறையில் 64 பேர். அது சொல்லித்தருவது எளிமையானதுதான். போதையில் இருக்கும்போது வாதம் வேண்டாம். தெளிந்த நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். ‘நேத்து நீங்க குடிக்காம வந்ததால பாப்பா உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா. எனக்கும் நிம்மதியா இருந்துச்சுங்க.’ வேட்கையின் தட்டுக்கு எதிரே நிஜமான ஒரு சுவையை வைக்கும் பேச்சு இது.

‘குடியை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஆனா எதுலயும் ஒட்டாம உம்முனு உக்காந்திருக்காரு’ என்பது இன்னொரு பொதுவான மனக்குறை. மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளுக்குப் பழகிய ஐந்து பேரின் மூளையை ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் படம் பிடித்துப் பார்த்தார்கள். குறைந்துபோயிருந்த டோபமின் கடத்திகள் ஓராண்டுக்கும் மேலாக விலகி இருந்த பிறகே குறிப்பிடத்தக்க அளவு மீண்டிருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் கால அளவைக் காட்டுகிறது. மூளையைப் பொறுத்தவரை இரண்டு மாதம் என்பது நடவு முடிந்த வயல். கதிருக்கு இன்னும் நாள் இருக்கிறது. குடி வரவழைத்த மனச்சோர்வு பலருக்குச் சில வாரங்களில் விலகிவிடும். விலகாவிட்டால் அது தனி நோய். அதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும். ‘செத்துப்போனா நல்லாயிருக்கும்’ என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அரசின் டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கிடைக்கிறது, இலவசம்.

கூட உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருப்பதன் பலத்தைக் காட்டும் பழைய கதை ஒன்று உண்டு. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற பங்கு வணிகர் ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றார். வந்த காரியம் தோற்றிருந்தது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போய், தேவாலயப் பட்டியலைப் பார்த்து எண்ணைச் சுழற்றினார்: பேச இன்னொரு குடிநோயாளி வேண்டும். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். கால்மணி நேரம் என்று தொடங்கிய பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அங்கே பிறந்தது. இன்று தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் அலசிய 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), இந்த முறையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டு முடிவில் முழுதாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற முறைகளில் 35 பேர்.

டாக்டர் பாப் அந்தச் சந்திப்போடு குடியை விட்டுவிடவில்லை. சில வாரத்தில் மருத்துவர் மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டிக்கு ரயிலேறி, நினைவு தப்பும்வரை குடித்துத் திரும்பினார். பில் வில்சனும் பாபின் மனைவியும் பக்கத்திலேயே இருந்து தெளியவைத்தார்கள். ஜூன் 10ஆம் தேதி என்று அந்த அமைப்பு குறித்துவைத்திருக்கும் நாளில் அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. கை நடுங்கியது. நடுக்கம் அடங்குவதற்கு பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். 1950இல் இறக்கும்வரை பாப் ஸ்மித் குடித்த கடைசிப் பாட்டில் அது.